ரவுட்டர்ல 23ஆம் போர்ட்டைத் திறக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க தொழில்நுட்பப் பக்கத்துல, வெளியூர்ல இருந்துகிட்டே வீட்டு ரவுட்டர்ல தானா லாகின் ஆகி ரீஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்ட் எழுதுறது எப்படினு போட்டிருந்தீங்க. ஸ்கிரிப்ட் கத்துக்கிறது நல்லதுதான், ஆனா டெல்நெட்டை (நெட் வழியா இன்னொரு மெஷினுக்குள்ள லாகின் ஆகுற பழைய முறை) ஆன் பண்ணு, பாஸ்வேர்டை ஃபைலுக்குள்ளயே எழுதி வை, வெளியில இருந்து வர, டெல்நெட்டோட வாசலான 23ஆம் போர்ட்டைத் திறந்து விடுனு மூணையும் சேர்த்துச் சொல்லிட்டீங்களே சார், நான் கேபிள் நெட் வேலை பாக்குறவன், படிச்சதும் பக்குனு ஆயிடுச்சு.

நீங்க சொன்ன எக்ஸ்பெக்ட் டூல் 1990லயே வந்தது, அது மேல குத்தமில்ல, ரவுட்டர் பேர் கேக்குற வரைக்கும் பொறுமையா இருந்து பேரைக் குடுக்கும், அப்புறம் பாஸ்வேர்டு கேட்டா அதையும் குடுக்கும். ஆனா டெல்நெட்ல அந்தப் பாஸ்வேர்டு மூடாத போஸ்ட் கார்டு மாதிரி அப்படியே போகும், நடுவுல யார் வேணா படிக்கலாம். 2016ல வந்த மிராய் மால்வேர் பண்ணதும் இதே ஸ்கிரிப்ட் லாகின்தான். கம்பெனி போட்டுக்குடுத்த அட்மின், ரூட் மாதிரி 60 சொச்சம் பேர்-பாஸ்வேர்டு ஜோடியை வச்சுகிட்டு டெல்நெட் திறந்திருந்த கேமரா, டிவிஆர், ரவுட்டர்னு ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துச்சு, மாட்டுன டப்பாவையெல்லாம் வச்சு அக்டோபர் 21 அன்னிக்கு வெப்சைட் பேரை ஐபி நம்பரா மாத்திக் குடுக்கிற டைன் கம்பெனியை அடிச்சதுல அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் படுத்துடுச்சு.

இதுக்கு எஸ்எஸ்ஹெச் இருக்கு, டெல்நெட் வேலையையே பண்ணும், ஆனா எல்லாத்தையும் பூட்டி அனுப்பும், ஹெல்சிங்கி பக்கம் ஒரு யுனிவர்சிட்டி நெட்வொர்க்ல பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்டுத் திருடினதுக்கு அப்புறம் 1995ல எழுதினது. கம்ப்யூட்டர்ல ஒரு கீ ஜோடி (நம்மகிட்டயே இருக்கிற ரகசியக் கீ, வெளியில குடுக்கிற பப்ளிக் கீ) உருவாக்கி பப்ளிக் கீயை மட்டும் ரவுட்டர்ல போட்டா ஸ்கிரிப்டுக்குப் பாஸ்வேர்டே வேணாம். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) போட்ட ரவுட்டர்னா அந்தக் கீ ரீஸ்டார்ட் கமாண்டை மட்டும்தான் ஓட்டலாம்னு கட்டியும் வைக்கலாம், கீ தொலைஞ்சாலும் பெரிய சேதம் வராது. பழைய மாடல் சிலதுல புது எஸ்எஸ்ஹெச் ஒத்துக்காம ஹோஸ்ட் கீ (ரவுட்டர் தன்னை யாருனு காட்டுற கீ) வகை பொருந்தலனு திட்டும், அதுக்குப் பயந்து டெல்நெட்டுக்குத் திரும்பிடாதீங்க, அந்த ஒரு ரவுட்டருக்கு மட்டும் பழைய கீ வகையை அனுமதிச்சா போதும்.

இன்னொண்ணு, நம்மூர் ஃபைபர் கனெக்‌ஷன் நிறைய சிஜிநாட்லதான் (பல வீட்டுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கு போடுற முறை) வருது, ரவுட்டர் செட்டிங் பக்கத்துல வேன் ஐபி (நெட் கம்பெனி ரவுட்டருக்குக் குடுக்கிற நம்பர்) 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா நீங்க போர்ட்டைத் திறந்தாலும் அந்த ஐபி வழியா வெளியில இருந்து உள்ள வர முடியாது, அப்புறம் ஸ்கிரிப்ட் தப்புனு ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சுக்கணும். வெளியூர்ல இருந்து வந்தே ஆகணும்னா வெளியில ஒரு சின்ன சர்வர் எடுத்து அது வழியா வீட்டுக்கு வயர்கார்டு (பூட்டின விபிஎன் பாதை) போட்டுக்கலாம். வெறும் விடிகாலை ரீஸ்டார்ட்தான்னா இவ்ளோ கூத்தே வேணாம், நிறைய ரவுட்டர்ல டைம் செட் பண்ற ஆப்ஷன் இருக்கு, ஓபன்டபிள்யூஆர்டில அதே வேலைக்கு கிரான் இருக்கு.

ஏற்கனவே உங்க கட்டுரையைப் பாத்து போர்ட்டைத் திறந்தவங்க ரவுட்டரோட போர்ட் ஃபார்வர்டிங் செட்டிங்ல அந்த 23ஆம் போர்ட் வரியை எடுத்துட்டு, டெல்நெட்டை ஆஃப் பண்ணி, பாஸ்வேர்டையும் மாத்தணும்னு அடுத்த வாரமே அதே பக்கத்துல கட்டம் கட்டிப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு