புகார் கடிதம்: அம்புத் தண்டில் கழலாத இன்செர்ட்டும் உங்கள் சேவை மையம் சொன்ன பதிலும்

அனுப்புநர்: ஒரு டஜன் கார்பன் அம்பு வாங்கிய வாடிக்கையாளர், திருச்சிராப்பள்ளி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கோணலாக ஒட்டப்பட்ட இன்செர்ட்டுகள் (முனையைத் திருகுவதற்காக அம்புத் தண்டின் முன்துளைக்குள் ஒட்டும் சிறு உலோகக் குழல்கள்), அவற்றைக் கழற்றத் தவறான வழி சொன்னது, அதனால் பாழான தண்டுகள் – முழு டஜனையும் மாற்றித் தரக் கோருதல்

பார்வை: இது தொடர்பாக நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரியும், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய புகார் எண்ணும்தான் வந்தன. தொலைபேசியில் அழைத்தால் முதலில் எடுப்பவர் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்கச் சொல்கிறார். அவர்கள் விற்பனைப் பிரிவைக் கேட்கச் சொல்கிறார்கள். விற்பனைப் பிரிவில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே தவிர யாரும் எடுப்பதில்லை. பன்னிரண்டு முறை அழைத்து ஓய்ந்த பிறகே இதை ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்புகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ரிகர்வ் வில்லில் 60 மீட்டர் தூரத்துக்கு எய்கிறாள். அவளுக்காக வாங்கிய உங்களுடைய 500 ஸ்பைன் (தண்டு வளையும் தன்மையின் அளவு) அம்புகளில் ஐந்தை வீ-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வைத்து உருட்டினால் முனை ஆடுகிறது. நான் கடைசல் பட்டறை நடத்துபவன் என்பதால், தண்டு நேராக இருக்கிறதா என்பதை டயல் கேஜ் வைத்தே பார்த்துவிட்டேன். தண்டில் குறை இல்லை. அதே முனையைக் கழற்றி வேறொரு அம்பில் திருகினால் ஆடாமல் நிற்கிறது. ஆகவே கோணலாக உட்கார்ந்திருப்பது இன்செர்ட்தான். 122 செ.மீ. இலக்கில் ஒரு வளையத்தின் அகலம் 6.1 செ.மீ.தான் என்பதும், முனை ஆடும் அம்பு 60 மீட்டரில் எந்த வளையத்தில் போய் நிற்கும் என்பதும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல.

இந்தக் குறையை நீங்களும் மறுக்கவில்லை என்பதை நன்றியுடனேயே குறிப்பிடுகிறேன். புதிய இன்செர்ட்டுகளைக் கூரியரில் அனுப்பி, "பழையவை குறைந்த வெப்பத்தில் இளகும் ஹாட்மெல்ட் பசையில்தான் ஒட்டப்பட்டுள்ளன, லேசாகச் சூடாக்கினால் வந்துவிடும், நீங்களே மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதினீர்கள். உங்கள் பொருள் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நம்பித்தான் வேலையில் இறங்கினேன்.

முறைப்படிதான் செய்தேன். தண்டில் நெருப்புப் படக் கூடாது என்பதால், ஒரு பழைய முனையைத் திருகி, அந்த முனையின் நுனியில் மட்டும் கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டி, அலுமினிய இன்செர்ட்டுக்குச் சூடு இறங்கும்வரை பொறுத்து, குறட்டால் பிடித்துத் திருகி இழுத்தேன். அசையவில்லை. அம்பின் முன்பகுதியைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன். ஹாட்மெல்ட்டாக இருந்தால் அந்தச் சூட்டுக்கே குழைந்திருக்க வேண்டும். அதற்கும் அசையவில்லை. அப்போதுதான் உங்கள் சேவை மையத்தை அழைத்தேன். பேசியவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே, "சூடு பத்தவில்லை சார், தண்டையே நன்றாகக் காட்டுங்கள், புகை வந்தால் பசை விட்டுவிடும்" என்றார். கார்பன் தண்டை நேரடியாகச் சுடலாமா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "ஒன்றும் ஆகாது" என்றே பதில் வந்தது. அதை நம்பி இரண்டு அம்புகளில் அப்படிச் செய்தேன். புகை வந்தது, பிசின் கருகும் வாடையும் வந்தது, இன்செர்ட் மட்டும் வரவில்லை. ஆறிய பிறகு தண்டை இரு கையால் பிடித்து மெல்ல வளைத்தபோது முன்முனையில் நெறநெறவென்று சத்தம் கேட்டது. நகத்தால் தடவினால் இழைகள் பிரிந்து நிற்பது தெரிந்தது.

இனி வருவதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம். அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல அதே நபரை மறுபடியும் அழைத்தபோது அவர் சொன்ன சொற்களை அப்படியே தருகிறேன்: "சும்மா எய்துதான் பாருங்களேன், நின்றால் சரி, உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம்." எய்யப்போவது பதினாறு வயதுப் பெண் என்று சொன்னேன். சிரித்தார். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாணிலிருந்து விடுபடும் நொடியில் சிதறினால் அதன் சிம்புகள் வில்லைப் பிடித்திருக்கும் கையைத் துளைக்கும். எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் வளைத்தும் முறுக்கியும் சோதிக்க வேண்டும் என்று வில்வித்தைக்கு வந்த முதல் வாரத்திலேயே என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்பு விற்கும் உங்களிடம் வேலை பார்ப்பவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா? அவர் பேச்சைக் கேட்டு என் மகள் எய்திருந்தால் இன்று நான் யாரிடம் போய் நிற்பேன்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மன்னிக்கவும், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் கொண்டுவந்தால் உடனே பார்த்துத் தருகிறோம் என்று உங்கள் பெண் ஊழியர் ஒருவர் மரியாதையாகச் சொன்னதால், பட்டறையைப் பூட்டிவிட்டு, மலைக்கோட்டை விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து எழும்பூரில் இறங்கி, காலை ஒன்பது மணிக்கே உங்கள் மையத்தின் வாசலில் நின்றேன். பதினொன்றரை மணிக்கு அழைத்தார்கள். முன்மேசையில் இருந்தவர் பேசத் தொடங்கியதுமே குரல் தெரிந்தது. தொலைபேசியில் பேசிய அதே ஆள். காதில் செருகியிருந்ததைக்கூட எடுக்காமல், ஒரே ஒரு அம்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது கஸ்டமர் டேமேஜ், வாரன்டி கிடையாது, அடுப்பில் காட்டச் சொன்னது யார்?" என்றார். சொன்னதே அவர்தான்! மற்ற நான்கு அம்புகளையும் அவர் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, அவர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் வேலையும், போக வரச் செலவும், பட்டறையில் எனக்காகக் காத்திருந்தவர்களிடம் என் நாணயமும் அன்று போயின.

ஊர் திரும்பியதும் உண்மையை நானே கண்டுபிடித்தேன். கருகிய தண்டுகளில் ஒன்றை, சூடு படாத உட்பகுதி தெரியும்படி நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே இன்செர்ட்டைச் சுற்றிக் கண்ணாடிபோல் இறுகிய பசை இருந்தது. அதன் மேல் சால்டரிங் அயர்ன் முனையை வைத்தேன். ஹாட்மெல்ட் என்றால் மெழுகுபோல் ஓட வேண்டும். இது ஓடவில்லை, பழுப்பேறிக் கருகியது. அதாவது நீங்கள் ஒட்டியிருப்பது இரண்டு டியூப் கலந்து ஒட்டும் எபாக்ஸி. கார்பன் இழைகளைத் தண்டாகப் பிணைத்து வைத்திருப்பதும் பெரும்பாலும் எபாக்ஸி வகைப் பிசின்தான் என்னும்போது, உள்ளே இருக்கும் பசையை விடுவிக்கும் சூடு வெளியே இருக்கும் தண்டை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

மீதி மூன்றை வேறு வழியில் முயன்றேன். அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் ‘நாக்’ (nock) என்ற துண்டைக் கழற்றிவிட்டு, 6.2 மி.மீ. துளைக்குள் 5 மி.மீ. எஃகுக் கம்பியைப் போட்டு, தண்டை மேலும் கீழுமாக உலுக்கி உள்ளிருந்தே தட்டினேன். முனை வழியாக மிதமான சூடும் இடையிடையே கொடுத்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. இரண்டு இன்செர்ட்டுகள் பசைத் துணுக்குகளோடு வந்து விழுந்தன, மூன்றாவது இன்றுவரை வரவில்லை. இந்த வழியை ஒரு வரியில் நீங்கள் சொல்லியிருக்கலாம். எபாக்ஸி என்பதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் டார்ச்சைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இந்தக் குழப்பத்தில் என் மகள் மாவட்டத் தேர்வுக்குச் செல்லவில்லை. ஒரு முறைக்கு ஆறு அம்பு எய்ய வேண்டிய இடத்தில், நம்பி எடுக்க அவளிடம் இருந்தவை ஏழு. ஓராண்டு உழைப்பு வீணாகிவிட்டது என்றே சொல்வேன். அதற்கு நீங்கள் எந்தத் தொகை கொடுத்தாலும் ஈடாகாது.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன். ஐந்து அம்புகளை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்ல வேண்டாம். எடையும் ஸ்பைனும் பொருந்திய ஒரே தொகுப்பாகத்தான் டஜன் விற்கிறீர்கள். ஆகையால் இன்செர்ட் நேராக ஒட்டப்பட்ட முழு டஜனையும், எந்தப் பசை என்பதை எழுத்தில் குறிப்பிட்டு, பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள். என் பயணச் செலவைத் தாருங்கள். விரிசல் விட்ட அம்பை எய்து பார்க்கச் சொன்ன அந்த ஊழியரை, இனி எந்தப் பெற்றோரிடமும் அப்படிச் சொல்லாதபடி, அந்த மேசையிலிருந்து மாற்றுங்கள்.

இவ்வளவு காலம் உங்களிடமே வாங்கியவன் என்பதால் வழக்குக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்துவிட்டு, நான் குடியிருக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். சரியான பயன்பாட்டு விளக்கமும் எச்சரிக்கையும் இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 84ஆம் பிரிவில் சொல்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. உங்கள் மின்னஞ்சலும், அழைப்பு விவரங்களும், ரயில் பயணச்சீட்டும், அறுத்து வைத்த தண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தண்டின் புகைப்படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர், திருச்சிராப்பள்ளி