மின்மைத் திரைக்கும் நூல் செய்யுங்கள்: தமிழ் மின்னூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். அண்மையில் இ-இங்க் (மின்மை) டேப்லெட்டில் வாசிக்கத் தொடங்கியுள்ள ஒரு வாசகன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கருவியைப் பற்றி எனக்குத் தோன்றிய முதல் எண்ணங்களில் பெரும்பாலானவை, யோசித்துப் பார்த்தால், நூல்கள் ஆக்கப்படும் விதத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஆகவே கருவியைச் செய்தவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

திரையின் மீது எனக்குப் பெரிய குறையில்லை. நுண்ணிய உறைகளுக்குள் மிதக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்களை மின்புலத்தால் நகர்த்தி எழுத்தை உருவாக்கும் இத்திரை, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் தாளைப் போலவே திருப்பி அனுப்புவதால், கைப்பேசித் திரை மங்கிப்போகும் நண்பகல் வெயிலில்தான் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒருமுறை அமைந்த பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. முந்தைய பக்கத்தின் சாயல் மெலிதாக எஞ்சுவதும், அதைத் துடைக்கத் திரை ஒருகணம் கறுத்து மீள்வதும் தொடக்கத்தில் உறுத்தின. நல்ல நாவல் ஒன்றில் மூழ்கியதும் அவை கண்ணில் படவே இல்லை.

உறுத்தல் நீங்காத இடம் பிடிஎஃப். ஏ4 தாளுக்கென வடிவமைத்த பக்கத்தை 10.3 அங்குலத் திரையில் முழுமையாகக் காட்டினால் அது ஏறத்தாழ 70 விழுக்காடாகச் சுருங்குகிறது. 10 புள்ளி எழுத்து 7 புள்ளியாகிவிடுகிறது. அந்த அளவில் ணகரத்தின் சுழிகளையும் னகரத்தின் சுழிகளையும் பிரித்தறியக் கண்ணை இடுக்க வேண்டியிருக்கிறது. பெரிதாக்கிப் படிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் விரலால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் திரை தன்னை மறுபடி வரைந்துகொள்ள வேண்டியிருப்பதால், ஒரு வரியின் தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போய்த் திரும்புவதற்குள் வாக்கியத்தின் பொருளே நழுவிவிடுகிறது. பழுப்பேறிய நூல்களை ஸ்கேன் செய்து அப்படியே வெளியிடும்போது நிலைமை இன்னும் மோசம்: பெரும்பாலான கருவிகளில் உள்ள 16 சாம்பல் நிலைகளில், தாளின் பழுப்பு அழுக்கான பின்புலமாக மாறி எழுத்தை விழுங்குகிறது. பின்புலத்தை வெளுத்து, ஓரங்களை வெட்டித் தந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

முழுத் தீர்வு, எழுத்தின் அளவுக்கேற்ப வரிகள் தாமே மடங்கும் ஈபப் வடிவம்தான். அது பொதுத் தரநிலையாக ஏற்கப்பட்டது 2007இல். புதிய தொழில்நுட்பம் என்று தயங்கக் காரணமில்லை. எனினும் பிடிஎஃப் கோப்பை ஒரு மென்பொருளில் போட்டு எடுத்ததை ஈபப் என்று அழைத்துவிட வேண்டாம். அப்படி வந்த நூல்களில் பத்திகள் நடுவில் உடைந்திருக்கின்றன. பக்க எண்கள் வாக்கியத்துக்குள் புகுந்திருக்கின்றன. அடிக்குறிப்புகள் அநாதைகளாக அலைகின்றன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்த பழைய கோப்புகள் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஒரு சொல்லைத் தேடினாலோ, கோடிட்ட பகுதியை வெளியே எடுத்தாலோதான் உள்ளே இருப்பது வேறு எழுத்து என்று தெரிகிறது. குறிப்பெடுத்துப் படிப்பதற்காகவே இக்கருவியை வாங்குபவருக்கு அந்நூல் பயன்படாது.

சிறியதாகத் தோன்றும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒட்டிச் சேர்ந்து நீளும் சொற்கள் நம் மொழியில் அதிகம். குறுகிய திரையில் இருபுற ஓரங்களையும் நேராக்க வற்புறுத்தினால், நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தாவ, முந்தைய வரியில் இரண்டு மூன்று சொற்கள் இடைவெளிகளில் தத்தளிக்கின்றன. இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள். அல்லது சொற்களை அசை பிரித்து மடக்கும் வசதியைச் சேர்த்து, உண்மையான கருவி ஒன்றில் சோதித்துவிட்டு வெளியிடுங்கள். வாசகர் தம் விருப்பப்படி மாற்ற முடியாதவாறு எழுத்துருவையும் அளவையும் பூட்டிவைப்பதையும் தவிர்க்கலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்பதை உணர்கிறேன். உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு மின்னூலின் விவரத்திலும், கோப்பு ஈபப்பா, பிடிஎஃப்பா, ஸ்கேன் செய்த படமா என்பதையும், பிடிஎஃப் என்றால் பக்க அளவையும் குறிப்பிட்டு, அட்டையும் முன்னுரையுமாக இல்லாமல் நூலின் நடுப்பகுதியிலிருந்து சில பக்கங்களை மாதிரியாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்