படகை விட்டுவிட்டு வா

அன்புள்ள கேப்டனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் மூட்டுவலி அவரைவிட எங்களைத்தான் அதிகம் படுத்துகிறது. கல்யாணத்துக்கு நீ வராததை வீட்டில் யாரும் மறக்கவில்லை, அந்தப் பஞ்சாயத்தை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

நீ அனுப்பிய படகுப் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல படகு. எங்கே ஓட்டப் போகிறார்?" என்று மட்டும் கேட்டார். பழவேற்காடு ஏரியில்தான், கொடுவா மீன் பிடிக்க, கார்த்திகையில் வருகிறான் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விட்டார். சிரிக்காமல் கேலி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று படித்துவிட்டு மோட்டார் வாங்கியிருக்கிறாய். நீளம் உண்டு, அகலம் உண்டு, ஆழம்தான் கிடையாது. சராசரியாக ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். கோடையில் பல இடங்களில் முழங்கால்கூட நனையாது. கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் பூநாரை நின்றுகொண்டு மேய்கிறதே, அது நீந்துகிறது என்றா நினைத்தாய்? அந்தத் தண்ணீரில் உன் மோட்டாரின் விசிறி சேற்றைத்தான் கடையும். எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரோடு சேறும் ஏறிக் குழாய் அடைத்துக்கொண்டால் அதோடு சரி. பிறகு நீ இறங்கித் தள்ள வேண்டும், நான் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

ஆழம் உள்ள ஓடைகளில் ஓட்டுகிறேன் என்பாய். அங்கேதான் பெரிய சிக்கல். படகு மிதக்கும் அந்த ஓடையில்தான் இறாலும் போகிறது, அங்கேதான் கம்பு நட்டு வலை கட்டுகிறார்கள். அதுவும் நினைத்தவர் நினைத்த இடத்தில் கட்ட முடியாது. இங்கே 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு, சுற்று வைத்து முடிவு செய்வார்கள். ஒருவன் தன் முறைக்காகக் காத்திருந்து கட்டிய வலையின் மேல் உன் மோட்டார் ஏறினால் அறுபடுவது நூல் மட்டுமா? அவனுடைய அன்றைய வருமானம் போகும், அடுத்த முறை வரும்வரை அவன் சும்மா இருக்க வேண்டும். பெரியவர் தோணியில் கழி ஊன்றிப் போவதைப் பார்த்தால் இது புரியும். வலைக்கம்பு நெருங்கினால் தள்ளுவதை நிறுத்திவிட்டுத் தோணியைத் தானாக நழுவ விடுவார். கழியை நேராகக் குத்தாமல் பின்பக்கம் சாய்த்து ஊன்றி, சேறு கவ்வுவதற்குள் ஒரு திருகு திருகி எடுத்துவிடுவார். திருகாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ கழியோடு நின்றுவிட, தோணி உன்னை விட்டுப் போன கதையை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கேலியை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நினைத்து ஏறுகிற இடம் இது. ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை நெருங்கினால் வாய்க்கால் ஆழமாகும், கடல்நீர் இறங்கும் வற்றத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும், எதிரே அலை வரும். அதற்குப் பிறகுதான் வெளியாட்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. பெரியவர் இன்றுவரை அந்த நாளைப் பற்றிப் பேச மாட்டார். நானும் கேட்பதில்லை.

இந்த முகத்துவாரம்தான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கரையோரமாகக் கடல் நகர்த்திக் கொண்டுவரும் மணல் அந்த வாயை அடைத்துக்கொண்டே வருகிறது. ஆரணியாற்றிலும் காளங்கியிலும் மழைவெள்ளம் வந்தால்தான் உடைத்துத் திறக்கும். அடைத்துக்கொண்ட கோடையில் ஏரித் தண்ணீர் வெயிலில் வற்றி, கடலைவிட அதிகமாகக் கரிக்கும். கடலுக்குப் போகும் படகுகள் மணலில் தட்டி நிற்கும், ஆட்கள் மண்வெட்டியோடு இறங்குவார்கள். படகுக்கு வழியில்லை என்றால் செய்தித்தாளில் வருகிறது, மீனுக்கு வழியில்லை என்பதை யார் எழுதுகிறார்கள்?

கொடுவாவைப் பற்றி நீ அறிந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன், நானும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அது முதலில் ஆணாகவே வளர்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது. (வாத்தியாரிடம் சொன்னேன். "வீட்டில் அதிகாரம் யாருக்கு என்று மீனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது" என்றார்.) முட்டையிட முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் போகிறது, குஞ்சுகள் கடல்நீர் ஏறும் ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து வளர்கின்றன. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் வைத்தே குஞ்சு பொரிக்கச் செய்துவிட்டது. பண்ணைக்காரர்களுக்கு அது போதும். ஏரிக்கோ அந்த முகத்துவாரம் திறந்திருந்தால்தான் கொடுவா உண்டு. ஆகவே நீ படம் எடுத்து அனுப்ப ஆசைப்படும் கை நீளக் கொடுவா பெரும்பாலும் தாயாகத்தான் இருக்கும். அப்படி ஒன்று சிக்கினால் நான் தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடுவேன். நீ கத்து, பரவாயில்லை.

அதனால் என் யோசனை இது: படகு இல்லாமல் வா, கார்த்திகையில் வராதே. அப்போது மழையும் புயல் எச்சரிக்கையும்தான் இருக்கும். தையில் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். கொடுவாவுக்கு ஆழம் தேவையில்லை, ஒளிந்துகொள்ள ஓரம் போதும். வற்றத்தில் சிறு ஓடைகளிலிருந்து மடவை மீன் குஞ்சும் இறாலும் வெளியே வரும்போது வாயிலில் காத்திருந்து விழுங்கும். வாயைத் திறந்து உறிஞ்சும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர் வரும் பக்கத்தில் தூண்டிலைப் போட்டுத் தண்ணீரோடு இறங்க விட வேண்டும். கரையில் நின்றே எட்டும். கொஞ்சம் தடிமனான தங்கூசி (தூண்டில் நரம்பு) வாங்கி வா, செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி, மெல்லியதை அறுத்துவிட்டுப் போய்விடும். தண்ணீரில் இறங்கினால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நட. சேற்றில் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும். பறவைகள் சரணாலயப் பக்கம் போகவே வேண்டாம். எது எல்லை என்று நான் கேட்டு வைக்கிறேன்.

படகை என்ன செய்வது என்று நீ கேட்பாய். நீ இருக்கும் ஊரில் பெரிய அணை ஒன்று இருக்கிறதே, அங்கே அனுமதி கிடைக்குமா என்று விசாரி. இல்லாவிட்டால் விற்றுவிடு. மோட்டாரை மட்டும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதாம், பெரியவர்தான் சொன்னார். சிரிக்காமல்தான்.

தையில் எந்த வாரம் என்று பொங்கலுக்கு முன்பே எழுது, தூண்டில் இரைக்கு மடவைக் குஞ்சு வேண்டுமென்று சொல்லி வைக்க வேண்டும். மருமகனும் வருவதானால் அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுச் சொல்.

உன்,
துடுப்பு