காலைக் காட்டு

உச்சிப்புளி,
ஞாயிறு மாலை

தாயி,

போன வாரம் நீ போனில் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். அம்மாவிடமும் திட்டு வாங்கினேன். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

நீ எது சொன்னாலும் உனக்குக் கீழே இருக்கிற சுபேதார் "டீக் ஹை மேடம்", சரி மேடம் என்கிறார், அப்புறம் தன் இஷ்டத்துக்குச் செய்கிறார் என்றாய். பொம்பளைப் பிள்ளை என்று மதிக்கவில்லையோ என்றாய். இருக்கலாம், அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் 28 வருஷ சர்வீஸில் கடைசி ஆறு வருஷம் நானும் சுபேதார்தான். உன்னைப் போல எத்தனையோ புது லெப்டினன்ட்களுக்கு "டீக் ஹை சாப்" சொன்ன வாய் இது. அதில் மூன்று தினுசு இருக்கிறது. சட்டென்று சொன்னால், செய்துவிடுவோம். கொஞ்சம் நிறுத்திச் சொன்னால், இது சரிப்பட்டு வராது, நாங்கள் வேறு மாதிரி பார்த்துக்கொள்கிறோம். "டீக் ஹை, டீக் ஹை" என்று ரெண்டு தரம் சொன்னால், சாப் போய்த் தூங்கலாம். உன்னவர் எதைச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக் கேள். ரெண்டாவது என்றால், அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டு, "சாப், நீங்களா இருந்தா எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டுவிடு. ஆட்கள் முன்னால் வேண்டாம். கேட்டபிறகு உத்தரவு உன் வாயிலிருந்து வரணும். உன் தாத்தா வள்ளத்தில் போன காலத்தில் கடலுக்குள் சுக்கான் பிடித்தவர் பேச்சுதான் பேச்சு. ஆனால் வலை போனால் நஷ்டம் வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு. நீ சம்மாட்டி. காரியம் கெட்டால், சுபேதார் சொன்னார் என்று மேலே ஒரு வார்த்தை போகக்கூடாது.

உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

1997இல் சியாச்சின் பனிமலைக்குப் போனபோது நான் நாயக், சுபேதாருக்கு ரொம்பக் கீழே. எங்கள் போஸ்ட் 18,000 அடிக்கு மேலே. வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். குடிக்கிற தண்ணீருக்கும் பனியை வெட்டி மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கணும். போஸ்ட் கமாண்டர் ஒரு லெப்டினன்ட், பஞ்சாபிப் பையன், உன் வயசுதான் இருக்கும். மதராஸ் ரெஜிமென்டுக்கு வந்ததால் எங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அதில் பிசிறில்லாமல் வந்தது ஒன்றே ஒன்று: "காலைக் காட்டு."

ராத்திரியானால் டார்ச்சோடு ஒவ்வொரு ஆளாக வருவார். பூட்ஸைக் கழற்றச் சொல்லி, சாக்ஸ் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். மண்டி போட்டு, நாறுகிற காலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக அமுக்குவார். அமுக்கிய இடம் வெளுத்து, திரும்பச் சிவக்கணும். வெள்ளையாகவே நின்றால் ரத்தம் ஓடவில்லை. எங்களுக்கு உடம்பெல்லாம் கூசும். பெரியவர்கள் காலில் விழுந்துதான் நமக்குப் பழக்கம், நம் காலை ஆபீஸர் பிடித்துப் பார்த்ததில்லையே. ஏன் சாப், கேட்டால் சொல்லமாட்டோமா என்றேன். சொல்ல மாட்டீர்கள் என்றார்.

அப்புறம் நாலு பேரோடு இன்னும் மேலே ஒரு சின்ன போஸ்டுக்கு என்னைப் பொறுப்பாக அனுப்பினார். பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ரெண்டாம் ராத்திரி எனக்கு இடுப்பு ஒடிந்த மாதிரி அசதி. படுத்தபடியே, "டேய், எல்லாருக்கும் கால் சரியா இருக்கா?" என்றேன். "சரியா இருக்குண்ணே" என்று நாலு பேரும் சொன்னார்கள். நம்பித் தூங்கிவிட்டேன். கமுதிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு அப்போதே மரத்துப்போயிருக்கிறது. சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்று மறைத்திருக்கிறான். நான் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. வானம் தெளிந்தபிறகு சீட்டா ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

லெப்டினன்ட் என்னைத் திட்டவில்லை. ரிப்போர்ட்டில் பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அந்தப் பையன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணவறையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். "வாங்கண்ணே" என்று சிரித்தான். அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

உன் சிக்னல்ஸ் யூனிட்டில் பனி கிடையாது. அங்கே வேறு இடத்தில் பார்க்கணும். வருஷ லீவு 60 நாளில் ஒரு நாள்கூட எடுக்காத பையன் இருந்தால், கடமை வீரன் என்று மெச்சிக்கொள்ளாதே. ஊருக்குப் போக ஏன் பயப்படுகிறான் என்று பார்.

இன்னொன்று. மார்ச்சில் பரங்கிமலை ராணுவ அகாடமியில் உன் தோளில் நட்சத்திரம் குத்திவிட்டு நான் சல்யூட் அடித்தபோது, நீ அழுதுகொண்டு நின்றாய், பதில் சல்யூட் அடிக்கவில்லை. அப்பாவுக்கு என்பதால் பரவாயில்லை. ஜவான் அடித்தால் அவன் முகத்தைப் பார்த்து அடி. ஜீப்பில் போகிறபோதும்தான்.

இங்கே தடைக்காலம் முடிய இன்னும் ரெண்டு வாரம். விசைப்படகெல்லாம் மண்டபத்தில் கட்டிக்கிடக்கிறது. சித்தப்பா போட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று வேட்டி நிறைய நீலமாகத் திரிகிறான். கச்சான் காற்றில் வீட்டுக்குள் மணல் கொட்டுகிறது, அம்மா நாளைக்கு நாலு தரம் கூட்டுகிறாள்.

நெத்திலிக் கருவாடு பார்சல் போட்டிருக்கிறாள். உன் சுபேதார் நம்ம பக்கத்துக்காரர் என்றால் பாதியைக் கொடு. வடக்கத்திக்காரர் என்றால் பொட்டலத்தைப் பிரிக்கவே பிரிக்காதே, இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

அப்பா