காசிமேடு டீக்கடையில் பிளக் வாங்கித் தந்த அண்ணனுக்கு

போன சனிக்கிழமை ராத்திரி மீன்பிடித் துறைமுகம் பக்கத்து டீக்கடையில் எனக்கு உதவிய அண்ணனுக்கு நன்றி. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒரு கில்டு (ஆட்டக்காரர் குழு) நடத்துகிறேன். சண்டையும் புதையலும் எங்களுக்கு இரண்டாம்பட்சம். ஆளுக்கொரு வேடம், அது கலையாமல் பேச வேண்டும். கிட்டத்தட்ட கூத்து மாதிரி. சொந்த விஷயம் பேசினால் இரட்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். நாங்கள் இருக்கும் ஆர்ஜெண்ட் டான் ஐரோப்பிய சர்வர். அங்கே ஜெர்மனிக்காரருக்கு இரவு 8 மணி என்றால், கோடையில் நமக்கு 11.30.

அன்றைக்கு விளையாட்டில் ஒரு துரோகிக்கு விசாரணை. ஒரு மாதத் தயாரிப்பு. நான்தான் நீதிபதி. தீர்ப்புச் சொல்லப் போகும்போது கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி செத்து வருஷமாகிறது (என் சோம்பல்தான்). டேட்டாவும் தீர்ந்திருந்தது.

துறைமுகப் பக்கம் நடுராத்திரியிலும் டீ கிடைக்கும் என்று பைக்கை விரட்டினேன். ஐஸ் வண்டிக்காகக் காத்திருந்த அந்த அண்ணன்தான் கடைக்காரரிடம் பேசிப் பிளக் வாங்கித் தந்தார், ஹாட்ஸ்பாட்டும் போட்டார்.

"இன்னா தம்பி, ஆபீஸ் வேலையா?"

"இல்லண்ணே, கோர்ட்டு."

சிரிக்கவில்லை. முழுக் கதையும் கேட்டார். "காட்டிக் குடுத்தவன உடாத" என்றார்.

அண்ணே, மன்னிப்பதாகத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன். உங்கள் பேச்சைக் கேட்டு நாடு கடத்திவிட்டேன். அவன் இன்னும் கோபமாக இருக்கிறான்.