ஆதியாகமம் முடிந்தது: கூட வந்தவர்களுக்கு நன்றி

ஹைஃபா, 2025 ஜனவரி 16

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை இங்கே ஜெப ஆலயங்களில் ‘வாயெஹி’ என்ற கடைசிப் பகுதியை வாசித்து ஆதியாகமத்தை முடித்தார்கள். வாராவாரம் அந்தத் தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) பகுதியை ஒட்டி நான் தமிழில் எழுதி அனுப்பிய சிந்தனைகளும் அதோடு ஒரு கட்டத்துக்கு வந்திருக்கின்றன. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போனவளுக்குத் தோராவில் என்ன வேலை என்று ஊரில் கேட்டார்கள். நான் தனியாக எழுதியதில்லை என்பதுதான் பதில்.

முதல் நன்றி என் சவ்தாவுக்கு, நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு. வெள்ளிக்கிழமை சூப் அடுப்பில் ஏறியதும், உருப்பெருக்கியும் கையுமாக உட்கார்ந்து, எனக்குப் புரிகிற எபிரேயத்தில் கதை சொல்வார். நவம்பரில் லெபனானிலிருந்து ராக்கெட்டுகள் வந்த நாட்களில் கதை மாமாதுக்குள், அதாவது வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள், நடந்தது. சைரன் ஓய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆபிரகாம் நிலக்காரன் எப்பெரோனுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற இடம் முடிய வேண்டும். மனைவி சாராளை அடக்கம் செய்ய மக்பேலா குகைக்கு 400 சேக்கல் வெள்ளி. பேரமே பேசாமல் கொடுத்துவிட்டாரே என்று ஆபிரகாம் மேல் அவருக்கு இன்னும் கோபம்!

அதே வாரப் பகுதியின் கடைசியில் ஒரு வசனம். ஆபிரகாம் 175 வயதில் சாகிறார்; ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அவரை அந்தக் குகையில் அடக்கம் செய்கிறார்கள். முன்பே வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட மூத்த மகன் இஸ்மவேலுக்கு யார் தகவல் சொன்னது, இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், ஒன்றும் இல்லை. வருஷக்கணக்கில் பேச்சு இல்லாத அண்ணன் தம்பி அப்பாவின் துஷ்டி வீட்டில் ஒரே பந்தலில் நிற்பதை நாம் பார்க்காததா?

எதிர்வீட்டு ஆசிரியர் ஐயா ராஷியின் உரையைத் திறந்து காட்டினார். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் த்ருவாவில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, தம்பி ஈசாக்கின் பெயர் முதலில் வருவதைப் பிடித்துக்கொண்டு, இஸ்மவேல் மனந்திரும்பி ஈசாக்கை முன்னே போகவிட்டான் என்கிறார். மருந்துக்கடை அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் அரபு முஸ்லிம். மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இஸ்மாயீல் எங்களுக்கு நபி. அவர் எதற்குத் திருந்தணும்?” என்றார். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்த வாரம் எழுதினேன். எழுதியதிலேயே உருப்படியானது அதுதான். இருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். எபிரோனில் அந்தக் குகைமேல் நிற்கிற கட்டடமே, அங்கே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைச் சுட்டுக் கொன்ற 1994 படுகொலைக்குப் பிறகு யூதருக்கு ஒரு பக்கம், முஸ்லிம்களுக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பதையும் எழுதியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற தோழிக்கும் நன்றி.

பாளையங்கோட்டை சித்தி பிழை மட்டும் பார்க்கவில்லை, ஈசாக்கின் பகைத்துக்கொண்ட இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் குறுக்குக் கேள்வியும் கேட்டார். “ஏசாவும் யாக்கோபும் கட்டிப்பிடிச்சு அழுதானுவளே, பொறவு ஏன் ஒருத்தன் சேயீருக்கும் ஒருத்தன் சுக்கோத்துக்கும் போனான்?” அந்தக் கேள்விக்காகவே அவருக்குத் தனி நன்றி. பிரிந்துதான் போனார்கள். ஆனால் ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது அடக்கம் செய்ய இருவரும் வந்தார்கள். யாக்கோபின் மகன் யோசேப்பின் கதையும் அப்படித்தான்: தன்னை விற்ற அண்ணன்மாரோடு சமாதானமாகி, யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து முடித்த பிறகும், அப்பா கண்ணை மூடியதும் அண்ணன்மார் மறுபடி பயப்படுகிறார்கள். ஆதியாகமத்தில் ஒப்புரவு என்றால் இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. இதுவே பெரிய காரியம்.

விடுப்பு நாளை எனக்காக மாற்றிக்கொண்ட சக பராமரிப்பாளர் அக்காமாருக்கும், படித்துவிட்டுச் சண்டை போட்டவர்களுக்கும் நன்றி.

ஞாயிறு முதல் காஸாவில் போர்நிறுத்தம் என்று நேற்று அறிவித்தார்கள். பணயக்கைதிகள் வீடு வந்து சேர வேண்டும், காஸாவின் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்க வேண்டும் என்று சேர்த்தே ஜெபிக்கிறேன். சவ்தா, “ஞாயிறு வரட்டும்” என்கிறார்.

இந்தச் சனி யாத்திராகமம் தொடங்குகிறது. சித்தி மறுபடியும் பிழை பார்க்கத் தயார். வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அனுப்பினால் தொடவே மாட்டாராம்.

இப்படிக்கு,
ஹைஃபாவிலிருந்து உங்கள் சகோதரி