பெயர் வெட்டிய சம்படம்

கும்பகோணம்,
ஜனவரி 6.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. பரீட்சை நேரம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசியில் உன் வகுப்போடு போலந்துக்குப் போகிறாய் என்று தம்பி சொன்னான். அவனிடம் சொன்ன நீ என்னிடம் சொல்லவில்லை என்பதைக் குறையாக எழுதவில்லை. ஜனவரியில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும். நாஜிகளின் வதைமுகாமாக இருந்து இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஆஷ்விட்ஸில் கட்டடங்களுக்குள் இருப்பதைவிட வெளியில் நடப்பதுதான் மிகுதி. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும், அதே முகாமின் இன்னொரு பகுதியான பிர்கனாவ் பெரும்பாலும் வெட்டவெளி. ஆகவே கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும், பெரியம்மா கொடுத்தனுப்பிய சால்வையும் எடுத்துக்கொள். நுழைவுச்சீட்டில் உள்ள பெயரைச் சரிபார்ப்பார்கள் என்பதால் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். திருச்சியில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். காலையில் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போகாதே.

இறந்தவர்களின் தலைமுடியைக் குவித்து வைத்திருக்கும் அறையில் படம் எடுக்கக் கூடாது என்பது விதி. உனக்கு விதி தேவையில்லை என்று எனக்குத் தெரியும். பெரியப்பா காரியத்தன்று பதினான்கு வயதில் நீ நடந்துகொண்ட விதத்தை ஊரே சொன்னது. அந்த அறையில் தாங்க முடியாமல் போனால் வெளியே வந்து நில், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். கம்பளிக் காலுறையை மறந்துவிடாதே.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். நீ கடைசியாகப் பேசிய நாளிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு முகாமில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் 10 லட்சம் பேர் யூதர்கள் என்பதையும், 1945 ஜனவரி 27 அன்று சோவியத் செம்படை வந்து சேர்ந்தபோது அங்கே எஞ்சியிருந்தவர்கள் சுமார் 7,000 பேர்தான், நடக்க முடிந்தவர்களை அதற்கு முன்பே பனியில் நடத்திக் கொண்டுபோயிருந்தார்கள் என்பதையும், 31 ஆண்டுகள் சரித்திரம் கற்பித்த நான் ஓய்வு பெற்ற பிறகு படிக்கிறேன். பத்தாம் வகுப்பில் அந்தப் பகுதி வரும்போதெல்லாம் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஹிட்லரின் பேச்சாற்றலுக்கு முழுப் பீரியடையும் செலவழித்தவன் நான்.

அன்று நீ கேட்டதற்கு வருகிறேன். "ஏழாம் வகுப்பில் எனக்குப் பரிசு வாங்கித் தந்த அந்தப் பேச்சை நீங்கள்தானே எழுதினீர்கள், அப்பா?" என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது.

நான்தான் எழுதினேன். வியன்னா ஓவியக் கல்லூரி இரண்டு முறை திருப்பி அனுப்பிய இளைஞன் ஹிட்லர் மன உறுதியால் நாட்டையே ஆண்டான் என்று எழுதினேன். 1933 ஜனவரியில் அவன் பதவியேற்றதைச் சொல்லி முடித்ததும் சற்று நிறுத்து, கைதட்டுவார்கள் என்று உனக்குப் பழக்கிவிட்டேன். அதே ஆண்டு மார்ச்சில் ஜெர்மனியின் டாகாவ் நகரில் வதைமுகாம் திறந்துவிட்டார்கள் என்பதை எழுதவில்லை. தெரியாமல் விட்டேன் என்று சொல்லிவிடலாம். ஓரளவு தெரியும். வெள்ளைக்காரனுக்கு எதிரி, நேதாஜி நேரில் போய்ச் சந்தித்தவர் என்று எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஒரு மரியாதை இருந்தது. கூட்டம் கைதட்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று கிடைத்த எவர்சில்வர் சம்படத்தை மறுநாளே கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் உன் பெயரை வெட்டி வாங்கி வந்தேன். அம்மா இன்றும் அதில்தான் சர்க்கரை வைக்கிறாள். அந்த அருங்காட்சியகத்தில், முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பெட்டிகளைக் குவித்து வைத்திருக்கிறார்களே, அவற்றின் மூடியில் பெரிய வெள்ளை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். இரவல் போன பாத்திரம் திரும்பி வரட்டும் என்று நாம் பெயர் வெட்டுகிறோமே, அப்படித்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிறேன். டாக்டர் சொன்னாரா என்று அம்மா கேட்கிறாள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்களோ, அவர்கள் முகவரி என்னிடம் இல்லை. உன் முகவரி இருந்ததால் உனக்கு எழுதுகிறேன். பேராசிரியரோ உடன் வருபவர்களோ, உங்கள் ஊரில் இதை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்காக எதையும் மறைக்க வேண்டாம், நடந்ததைச் சொல்.

திரும்பி வந்ததும் பேசு. அம்மா எடுப்பாள். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா